றாஹிலாவின் அடுப்பு

ஸம்ஸியாவுக்கு ஒரு காரியம் தலைக்குள் ஏறிவிட்டால் ஊரை இரண்டாக்காமல் விடமாட்டாள். இந்த முறை அவள் இரண்டாக்க வேண்டியிருந்தது தன் சொந்தக் குடும்பத்தை.

ஏழைப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு கொடுப்பனவு வந்திருந்தது. ஆனால் குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள்தான் கணக்கு. ஸம்ஸியாவுக்கு மூன்று பிள்ளைகள். அவளுடைய தங்கை றாஹிலாவுக்கு இப்போதுதான் முதல் பெண்பிள்ளை பிறந்திருந்தது. இருவரும் ஒரே வீட்டில் ஒரே உலை வைத்ததால், பதிய வந்த உத்தியோகத்தர் நிலாந்தினி மிஸ் எல்லோரையும் ஒரு குடும்பமாக எழுதிவிட்டார். றாஹிலாவின் தலைப்பிள்ளை அரசாங்கத்துக்கு நான்காம் பிள்ளையாகி வெளியே நின்றது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இவர்களின் வாப்பா மூத்தவள் ஸம்ஸியாவுக்கு முழு வீடு கொடுத்தார். இளையவளுக்கு அதே வளவில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். கூரையில்லாத வீட்டுக்காக மாப்பிள்ளை றிபாத் முகம் சுளிக்கவில்லை. மனைவியின் ராத்தா வீட்டு அறையொன்றில் குடித்தனம் தொடங்கிவிட்டார். நல்ல மனுசன்.

ஸம்ஸியா விடுவாளா? மிஸ்ஸைப் போனில் பிடித்துக் குடைந்தாள்.

"தனி அடுப்பு எண்டா தனிக் குடும்பமாப் பதியலாம் அக்கா. நாளைக்குக் காலையில வந்து பாக்கிறன். அடுப்பு எரியோணும்."

அவ்வளவுதான். அன்று பின்னேரமே கூரையில்லாத சுவர்களுக்குள் செங்கல் அடுக்கிக் களிமண் பூசி அடுப்புப் போட்டாயிற்று. றாஹிலாதான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள்.

"ராத்தா, என்னைப் பிரிச்சு விடப்போறீங்களா?"

"பைத்தியமா ஒனக்கு? புள்ளைய எழுதி முடியட்டும். பொறகு பழையபடி ஒண்டாத்தானே திங்கப் போறம்."

புது அடுப்பில் பால் காய்ச்சாமல் எப்படி உலை வைப்பது? ஸம்ஸியா பக்கத்து வீட்டு ஸாலிஹாவிடம் பசும்பால் கேட்டு, "நாளைக்குப் பால் காய்ச்சப் போறம் கா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அங்கேதான் பிழை விட்டாள். ஸாலிஹாவிடம் சொன்னால் பள்ளிவாசல் மைக்கில் சொன்ன மாதிரி. பால் காய்ச்சுதல் என்றால் புது வீட்டுக் குடிபூரல், குடிபூரல் என்றால் வெறுங்கையோடு போகக் கூடாது.

விடிந்ததும் தெருவே வந்து இறங்கியது. பானை வந்தது, பாய் வந்தது, கண்ணாடிக் குவளைகள் வந்தன, ஒரு சுவர்க்கடிகாரமும் வந்தது. மரக்கடை ஷரிபுதீன் ஹாஜியார் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது.

"என்னகா இது? வாப்பா இல்லாட்டி நாங்களும் இல்லியா?"

கடைக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் லேண்ட்மாஸ்டர் வண்டியில் பழைய தகரங்களும் கம்புகளும் வந்தன. றிபாத்தும் இன்னும் நாலு பேரும் சுவரில் ஏறிவிட்டார்கள்.

ஸம்ஸியாவுக்குக் கை கால் ஓடவில்லை. சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இவ்வளவு சாமானையும் கண்டால், இந்தக் குடும்பத்துக்கு உதவி எதற்கு என்று மிஸ் கேட்கமாட்டாரா? கடிகாரத்தைப் பாய்க்குள் சுருட்டினாள். குவளைகளை எங்கே ஒளிப்பது என்று திரும்பும்போதே மிஸ்ஸின் ஸ்கூட்டி வளவுக்குள் வந்து நின்றது.

பால் பொங்கி முடிந்து அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாமான்களை மிஸ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது நிலத்தில் விரித்த பாயை. அங்கே ஒரு பெரிய சஹனில் பால்சோறு. அதைச் சுற்றி றாஹிலாவும் ஸம்ஸியாவின் மூன்று பிள்ளைகளும் ஒரே தட்டில் கை போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ஸம்ஸியா. "மிஸ், அது எங்கட வழக்கம். சஹன்ல ஒண்டாத்தான்…" வாய் குழறியது.

நிலாந்தினி அடுப்பைப் பார்த்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தார். முதலில் பதிய வந்த அன்று ராத்தா வீட்டுத் தொட்டிலில் படுத்திருந்த பிள்ளை இன்று புது வீட்டுத் தூளியில் கிடந்தது.

"அடுப்பு எத்தின எண்டு பாக்கத்தான் என்னை அனுப்பினவங்க அக்கா. ஆர் ஆரோட தின்னுறது எண்டு கேக்கல்ல." சொல்லிக்கொண்டே பதிந்தார். "புள்ளைர பேர் என்ன?"

"ஹிமாயா" என்றாள் றாஹிலா. முதலாம் பிள்ளை. ஸம்ஸியா எல்லோர் முன்னாலும் விம்மி அழுதாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின் தன் குசினிக்கு வந்து பானையைத் திறந்தாள். காலையில் அவசரத்தில் வழமைபோல எல்லோருக்குமாக அரிசி போட்டிருந்தாள். பிள்ளையை எழுதியாயிற்று. இனிப் பழையபடி ஒன்றாகத் தின்னலாம். தங்கையைக் கூப்பிட வாயெடுத்தபோது புதுத் தகரத்தின் கீழிருந்து குரல் வந்தது.

"ராத்தா, இண்டைக்கு நான் ஆக்கியிரிக்கன். எங்கட ஊட்ட சாப்பிட வாங்க."

எங்கட வீடு. ஸம்ஸியா பானையை மூடினாள். தங்கை வீட்டுக்கு அவள் முதல் தடவையாக விருந்துக்குப் போகிறாள். வெறுங்கையோடு போகக் கூடாதே. பானைச் சோற்றை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.