ஓப்பலுக்கு ஒரு துணி மெழுகுவத்தி

சிறைச்சாலைக்குள் மெழுகுவத்தி கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி கூடாது. கத்தி கூடாது, அட்டையில் வெட்டிய கத்தியானாலும் கூடாது, ஏனென்றால் அதற்குக் கத்தியின் வடிவம் இருக்கிறதாம். ஒரு சாணுக்கு மேல் கயிறு கூடாது. கண்ணாடிக் கிண்ணம் கூடாது, காய்ந்த மூலிகை கூடாது, உப்பு கூடாது. உப்புகூடவா என்று டார்லா விட்கம் முதல் வருஷம் கேட்டதற்கு, வெள்ளையாக, பொடியாக இருக்கிற எதுவும் கூடாது என்று பதில் வந்தது.

அதனால் அவள் துணியிலும் காகிதத்திலும் செய்தாள். டார்லா பேகன். நிலவையும் பருவங்களையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிறவள். பூஜைச் சாமான்களை அவரவர் வீட்டில், அவரவர் கையால் செய்துகொள்வதுதான் அவர்கள் வழக்கம். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் சமையலறை மேஜையில் கடை பரப்பிவிடுவாள். செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிப் பசை தடவினால் மந்திரக்கோல். பழைய போர்வையில் ஐந்து முனை நட்சத்திரம் தைத்தால் பீடத்து விரிப்பு. இவையெல்லாம் அவளுக்காக அல்ல. இண்டியானாவின் அந்தச் சிறையில் இருக்கும் ஏழு பேகன் கைதிகளுக்காக. நாலு வருஷமாக மாதம் இரண்டு வியாழக்கிழமை போய் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து வழிபாடு நடத்திவிட்டு வருகிறாள்.

அவளுடைய சொந்தக் கூட்டத்தாருக்கே இது கேலியாக இருந்தது. அவர்கள் தேன்மெழுகை உருக்கி வத்தி வார்ப்பார்கள், மான்கொம்பில் பூஜைக் கத்திக்குப் பிடி போடுவார்கள். "என்ன டார்லா, பாலர் பள்ளிக் கைவேலையா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஒரு நாளாவது அந்த இரும்புக் கதவுக்கு உள்ளே போயிருந்தால் அப்படிக் கேட்க வாய் வந்திருக்காது.

இந்த முறை அவள் செய்தது ஒரு மெழுகுவத்தி. வெண்டல் ப்ரையர் கேட்டிருந்தான். பதினோரு வருஷமாக உள்ளே இருப்பவன். செப்டம்பரில் அவன் அம்மா ஓப்பல் இறந்துபோனாள். அதையே மூன்று நாள் கழித்துத்தான் அவனிடம் சொன்னார்கள். அதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அக்டோபர் கடைசி நாள் சௌவின், இறந்தவர்கள் வாசல்வரை வந்துபோகிற நாள். அவர்கள் பெயரில் ஒரு விளக்கு வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சொல்ல விட்டுப்போனதைச் சொல்லலாம். "எங்கம்மாவுக்கு ஒரு வத்தி வேணும் மிஸ் டார்லா. அவங்களை அனுப்பி வைக்கவே இல்ல நான்," என்றான் வெண்டல். வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

டார்லா ஒரு மாதம் முன்னாலேயே விண்ணப்பம் போட்டாள். 'ஃபெல்ட் துணியால் ஆன மெழுகுவத்தி, ஒன்று.' முத்திரை குத்தி அனுமதி வந்தது. வளர்பிறையில் தைக்க ஆரம்பித்தாள். ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளித் துணியில், வெள்ளையில் உருளை, உள்ளே பஞ்சு, உச்சியில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கம்பளி நூலில் சுடர். ஒரு நாடாவில் நீல நூலால் ஓப்பலின் பெயரை எழுதிப் பஞ்சுக்கு நடுவில் வைத்து மூடினாள். ஊசி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"ஒரு தையலுக்கு ஒரு தடவையா? நல்லவேளை, நீ தையல் கடை வைக்கல. ஒரு சட்டை தைக்க ஒரு வருஷம் ஆகும்," என்றான் கணவன் வெர்ன்.

"நீ வாயை மூடிட்டு ரோஸ்மேரியைக் கொளுத்து."

அவன் அடுப்பில் ஒரு கொத்தைக் கருக்கிக் கொடுத்தான். கேலி செய்வானே தவிர, புகை வத்தியின் எல்லாப் பக்கமும் படுகிறதா என்று குனிந்து பார்த்ததும் அவன்தான். அப்படிப் புகை காட்டிய பொருளை உரியவரைத் தவிர வேறு யாரும் கேட்காமல் தொடக் கூடாது. அதனால் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

சௌவின் அன்று ஒரு மணிக்கே வாசலுக்குப் போய்விட்டாள். ஒன்றரை முதல் இரண்டரை வரை அவர்களுக்கு நேரம். சோதனை மேஜையில் டெனிங் என்கிற காவலர் இருந்தார். அவர் மேஜை மூலையில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு ஃபெல்ட்டில் தைத்து, பஞ்சு அடைத்து, தேவாலயப் பெண்கள் கொடுத்தது.

டெனிங் பட்டியலைப் பார்த்தார். விரிப்பு, சரி. காகிதக் கோல், சரி. பிறகு வத்தியை எடுத்து அமுக்கினார்.

"இதுக்குள்ள என்ன?"

"பஞ்சு. ஒரு பேரு எழுதின நாடா. பிரிச்சுக் காட்டணும்னா நானே பிரிக்கிறேன் சார். எங்க வழக்கத்துல மத்தவங்க அதை..."

அவள் சொல்லி முடிக்குமுன் கத்தரிக்கோல் இறங்கிவிட்டது. உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெட்டு. சுடர் ஒரு பக்கம் விழுந்தது. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார். நாடாவை விரலில் தூக்கிப் பிடித்தார்.

"ஓப்பல் யாரு?"

"செத்துப்போனவங்க."

"சரி, ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேல்ல? அப்ப குடுங்க. உள்ள போய் முடிச்சுப் போட்டுக்கிறேன்."

"எப்படிக் குடுக்கறது மேடம்? மெழுகுவத்தி ஒண்ணுன்னுதான் பட்டியல்ல இருக்கு. இது துண்டுத் துணி. துண்டுத் துணிக்கு அனுமதி இல்லையே."

டார்லா அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் காட்டினாள்.

"அதைத் துண்டாக்கினது யாரு? நானா?"

"நான் சோதனை பண்ணேன். அது என் வேலை."

"அப்ப அந்தப் பூசணிக்காயையும் வெட்டுங்க! அதுவும் ஃபெல்ட்டுதான், அதுக்குள்ளயும் பஞ்சுதான். வெட்டுங்க பாப்போம்!"

"மேடம், குரலை உயர்த்தாதீங்க."

சிறையின் மத அலுவலர் ஹோலிஸ் வந்தார். நல்ல மனிதர் மாதிரியே சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு காகிதத்துல வத்தி வரைஞ்சுக்கலாமே டார்லா? உங்களுக்கு எண்ணம்தானே முக்கியம்? அடுத்த வருஷம் வேற மாதிரி பாத்துக்கலாம்."

"உங்க சர்ச் ஆளுங்க ஜபமாலையை இப்படி அறுத்துக் குடுத்துட்டு, மணியைப் படத்துல எண்ணிக்கோன்னு சொல்வீங்களா?"

"அது வேற."

டெனிங் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். 'பார்வையாளர் தாமாகவே முன்வந்து மேற்படி பொருளை அப்புறப்படுத்தினார்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நான் அப்புறப்படுத்தல. நீங்க வெட்டினீங்க. அப்படி எழுதுங்க, போடுறேன்."

"அப்படி எழுத இதுல இடம் இல்ல மேடம். போடலைன்னா இன்னிக்கு உங்க கூட்டம் கிடையாது. உங்க இஷ்டம்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆகப் பத்து நிமிஷம். உள்ளே ஏழு பேர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரும்பிப் போனால் மானம் மிஞ்சும். வெண்டல் தன் அம்மாவைக் கூப்பிட இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பான். அவள் பேனாவை எடுத்தாள். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பிறகு குப்பைக் கூடையை டெனிங் காலால் தள்ளி வைத்தார். தாமாகவே முன்வந்து என்றால் அவள் கையாலேயே போட வேண்டுமாம். போட்டாள். பஞ்சு, சுடர், கடைசியாக அந்த நாடா.

உள்ளே போனதும் வெண்டல் அவள் கைகளைத்தான் பார்த்தான். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்கம்மா பேரை நானே குப்பையில போட்டேன் வெண்டல். நானா விருப்பப்பட்டுப் போட்டேன்னு கையெழுத்தும் போட்டேன். எனக்கு அவமானமா இருக்கு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தத்தில் அல்ல, ஆத்திரத்தில். மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெண்டல் மட்டும் நிமிர்ந்திருந்தான்.

"எத்தனை கையெழுத்து போட்டீங்க?"

"ஒண்ணு."

"நான் இந்த வாரம் மட்டும் நாலு. அறையைச் சோதனை போட்டு எங்கம்மா எழுதின லெட்டரை எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. அளவுக்கு மேல காகிதம் இருக்காம். நானே முன்வந்து குடுத்தேன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க." அவன் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "பதினோரு வருஷமா நான் தானா முன்வந்துட்டே இருக்கேன் மிஸ் டார்லா. உங்களுக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை."

டார்லாவின் அழுகை சட்டென்று நின்றுபோயிற்று. வாசலில் தன் தலையில்தான் இடி விழுந்தது என்று நினைத்து வந்தவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"டைம் ஓடுது. ஆரம்பிக்கலாம்," என்றான் வெண்டல்.

விரிப்பை விரித்தார்கள். நடுவில் வத்திக்கான இடம் காலியாக இருந்தது. எட்டுப் பேரும் எழுந்து கைகோத்தார்கள். இறந்தவரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். இந்த அறையில் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பது விதி. நாலு வருஷமும் அவள் அதை மீறியதில்லை, தெய்வங்களைக்கூட முணுமுணுத்துத்தான் கூப்பிட்டாள்.

"ஓப்பல் ப்ரையர்!" என்றாள் டார்லா. பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற குரல். ஏழு பேரும் ஒரு கணம் திகைத்துப்போனார்கள். இரண்டாம் தடவை அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடைபாதையில் பூட்ஸ் சத்தம் ஓடிவந்தது. கதவு திறந்தது. வேறொரு காவலர்.

"என்ன சத்தம் இங்க?"

"எங்கம்மாவைக் கூப்பிடுறோம் சார்," என்றான் வெண்டல்.

"கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வெளியே."

"இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு," என்றாள் டார்லா. வெண்டலின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காவலரின் முகத்தைப் பார்த்தபடியே மூச்சை இழுத்தாள்.