பிரிஜ் மேல் லக்கல

கேட் திறக்கும் சத்தத்துக்கும் கதவு தட்டும் சத்தத்துக்கும் நடுவில் எனக்குப் பத்து செக்கன் கிடைத்தது. பிரிஜ் மேலிருந்த போனை சாஜர் வயரோடு தூக்கி, பக்கத்தில் ரொட்டி வைக்கும் பாண் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அணைத்திருக்கலாம். அணைத்தால் கணினித் திரையில் லக்கல ஊர் போன் டவர் சிவப்பாகும். சிவப்பானால் கொழும்பில் ஏழு பேருடைய போனுக்குத் தகவல் பறக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான்.

மணி பத்து நாற்பது. சரியாகப் பதினொன்றுக்கு அது அடிக்கும்.

வாசலில் கணபதி அண்ணன். லக்கலப் பக்கத்து டவர்களைப் பார்க்கிற டெக்னீஷியன், பதினேழு வருடச் சேவை. நீலச் சீருடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கு வெள்ளை ஷர்ட். ஒரு கையில் தயிர்ச் சட்டி, மறு கையில் பிளாஸ்டிக் பைல்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தொந்தரவு குடுக்குறேன். கோவிச்சுக்காதீங்க தம்பி."

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

மேசையில் என் லெப்டொப் திறந்திருந்தது. பன்னிரண்டு டவர், பன்னிரண்டு வரி, எல்லாம் பச்சை. முன்பெல்லாம் ஒரு டவருக்குப் புது மென்பொருள் ஏற்ற ஆள் போகவேண்டும். ஏற்றியபின் கோல் எடுத்துப் பார்க்கவேண்டும். இப்போது மாத்தளையில் இந்த வீட்டிலிருந்து நான் எழுதிய நிரல் அதைத் தானே ஏற்றும். ஒவ்வொரு டவரடியிலும் ஒரு போன் இருக்கும். மணிக்கொரு தடவை நிரல் அதற்குத் தானே அழைக்கும். போன் பேசினால் பச்சை. பேசாவிட்டால் சிவப்பு, பழைய மென்பொருளே திரும்பிவிடும்.

மூன்று மாதத்துக்கு முன் லக்கல போனின் பெட்டரி வீங்கியது. இதே கணபதி அண்ணன்தான் கழற்றிக்கொண்டு வந்து தந்தார். திருத்தினேன். பஸ்ஸில் ஏற்றிவிட நினைத்த வாரம், கொம்பனிப் பெரியவர்கள் முன்னால் முதல் தானியங்கிப் பரிசோதனை. ஒரு வரி சிவப்பாக இருந்தால் அசிங்கம். இரண்டு நாளைக்குத்தானே என்று வீட்டிலேயே சாஜரில் போட்டேன். போன் எந்த டவரில் நிற்கிறது என்று கேட்கும் ஒரு வரியை நிரலில் மௌனமாக்கினேன். எல்லாம் பச்சை. கை தட்டினார்கள். அடுத்த மாதம் என்னைக் குழுத் தலைவனாக்கினார்கள். கணபதி அண்ணனிடம், "கொழும்பு ஆக்கள் வந்து பூட்டுன பெட்டில வேற போன் வெச்சாச்சுண்ணே" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வியாழன் பகல் பதினொன்று ஐந்துக்குப் புது மென்பொருள் ஏறியது. லக்கல டவர் ஊமையானது. போன் மாத்தளையில் பேசிக்கொண்டிருந்தது.

"தம்பிக்கு சிங்களம் நல்லா வரும்ல" என்று பைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நாளைக்கு கண்டி ஒபிஸ்ல விசாரண. பிழையிருந்தா பாத்துக் குடுங்க."

வாசித்தேன். 'எனது கவனயீனத்தால்' என்று தொடங்கியது.

"நீங்க என்ன செஞ்சீங்கண்ணே?"

"ஒண்ணும் செய்யல. அதான் தப்பு." சிரித்தார். "வெள்ளிக்கிழம அந்தப் பக்கம் போற முற. போன்ல பாத்தேன், லக்கல பச்ச. பச்சயா இருக்கிறப்ப ஏன் மல ஏறணும்னு பைக்கத் திருப்பிட்டேன். சனிக்கிழம காலையில போய் மெயின் சுவிட்ச அடிச்சுப் போட்டதும் உசிர் வந்திருச்சு. அப்ப கரண்டுப் பிழதானே? சிஸ்டத்துல ஒரு பிழையும் இல்லன்னு கொழும்புல சொல்றாங்க. அது மிசின், பொய் சொல்லுமா?"

நான் தாளையே பார்த்தேன்.

"லக்கல டிங்கிரி பண்டாவ நேத்து ஆஸ்பத்திரில பாத்தேன் தம்பி. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அந்த ஊரின் வழக்கம் எனக்கும் தெரியும். மரத்துக் காவல்குடிலில் இருப்பவன் யானையைக் கண்டால் எல்லோருக்கும் ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பான். வந்தால் வீட்டைவிட்டு இறங்கக்கூடாது. வராவிட்டால் குளக்கட்டு வழியே பயமில்லாமல் நடக்கலாம். வெள்ளி பின்னேரம் டிங்கிரி பண்டாவுக்கு மிஸ்ட் கோல் வரவில்லை. நடந்தார். குளக்கட்டில் யானை நின்றது.

"குடில்ல இருந்த அவரோட மருமகன் இருவது தரம் அடிச்சிருக்கான். போகல்ல. கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த மனுசன் எனக்கு ஆறுதல் சொல்றாரு தம்பி. எனக்கு!"

இப்போது சொல்லவேண்டும். வாய் வரை வந்தது. வந்ததென்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் கண் கடிதத்தின் நாலாவது வரியில் நின்றது. 'வியாழன் பகல் பதினொன்றரை அளவில் டவர் செயலிழந்தது.'

"பதினொண்ணு அஞ்சு" என்றேன்.

"ஆ?"

"அரை இல்ல. பதினொண்ணு அஞ்சுக்கு."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் தம்பிக்கிட்ட வந்தேன்" என்று பேனையை நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கி, அடித்து, என் அழகான கையெழுத்தில் நேரத்தைத் திருத்தினேன். அவருடைய குற்ற ஒப்புதலை. இரண்டு எழுத்துப் பிழையையும் சேர்த்துத் திருத்தினேன்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. அவர் எழும்பினால் போதும்.

"இருங்கண்ணே, தேத்தண்ணி ஊத்திட்டேன்" என்று உள்ளேயிருந்து என் மனைவி ஷஸ்னா குரல் கொடுத்தாள். "பாணும் கொஞ்சம் தின்னுட்டுப் போங்க."

"ஷஸ்னா, வேணாம்..."

பெட்டி திறக்கும் சத்தம்.

"யா அல்லாஹ், போனப் பாணோட வெச்சீக்கிறாரே இந்த மனுசன்! அண்ணே, மூணு மாசமா இது எங்க காதத் தின்னுது. மணிக்கு மணி தானா அடிக்கும், தானா பேசும். ஏன்னு கேட்டா, ரெண்டு நாளைக்குத்தான்றாரு." தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

போனின் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர். நீலப் பேனையில், சாய்ந்த எழுத்தில், 'லக்கல'. என் கையிலிருந்த தாளிலும் அதே கணபதி அண்ணன் கையெழுத்து.

மேசை அதிர்ந்தது. போன் அடித்தது, தானாகவே எடுத்துக்கொண்டது. ஒரு பெண் குரல் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணி ஓய்ந்தது. லெப்டொப்பில் ஏழாவது வரி, லக்கல, ஒரு தரம் மின்னிப் பச்சையானது.

கணபதி அண்ணன் திரையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

போனைக் கையில் எடுத்தார். ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. பெருவிரலால் அதை அழுத்தி ஒட்டினார். விரலை எடுத்ததும் மூலை எழும்பியது. திரும்பவும் அழுத்தினார்.