வீங்கின வயிறு, தளர்ந்த பெல்ட்

டணார்!

வெட்டு மேஜையிலிருந்து பெரிய கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. பழக்கதோஷம், அவள் சட்டென்று குனிந்துவிட்டாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். வயிற்றுக்குள் ஏதோ 'தளக்' என்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

"ஏங்க!"

தையல் மெஷின் நின்றது. கணவர் ஓடி வந்தார்.

"உள்ள தண்ணி ஆடுதுங்க. கை வச்சுப் பாருங்க."

வைத்தார். முகம் வெளுத்துப் போனது. "ஆட்டோ கூப்பிடறேன்" என்று செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

இரண்டு பிள்ளை பெற்ற வயிறு. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அவள் கையிலிருந்த அளவு டேப்பைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டுக் கேட்டே அவளை ஆபரேஷன் வரை தள்ளிவிட்டார்கள். தொங்கிய சதையை வெட்டித் தைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கணவர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். "துணியை எத்தனை தடவை வேணும்னாலும் பிரிச்சுத் தைக்கலாம். உடம்பு என்ன துணியா?"

ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தபோது உள்ளே தண்ணீரும் குதித்தது.

டாக்டரம்மா வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த இறுக்கு பெல்ட்டை நர்ஸ் கழற்ற, கணவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நீர் கட்டியிருக்கு. ஊசி போட்டு உறிஞ்சணும். தெளிவா வந்தா தப்பிச்சே. கலங்கலா வந்தா சீழ். திரும்பவும் ஆபரேஷன் தியேட்டர்தான்."

திரும்பவும் கத்தியா? மரத்துப்போன தோலில் ஊசி இறங்கியதே தெரியவில்லை. சிரிஞ்சை மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள். மெதுவாக ஏறியது. மஞ்சள். கண்ணாடி மாதிரித் தெளிந்த மஞ்சள்.

"சீழ் இல்ல" என்றார் டாக்டர். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் நான்காவது சிரிஞ்சும் நிறைந்தபோது டாக்டரின் புருவம் ஏறியது.

"நீர் வடிய வச்சிருந்த டியூபை எடுத்து நாலு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள இவ்வளவா? பெல்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுல வளைய வந்தியா?"

"ஐயோ, இல்ல டாக்டர். துவைச்சுக் காயவைக்கிற நேரம்தான். அதுவும் இவர்தான் துவைச்சுக் குடுப்பார்."

"மறைக்காதம்மா. காரணம் தெரியாம அனுப்பினா மறுபடி சேரும். அப்புறம் நானே நெனச்சாலும் தியேட்டரைத் தவிர்க்க முடியாது."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஏன் பொய் சொல்றேன்? மூணு நாளா பெல்ட்டே எனக்குத் தளர்ந்துபோச்சு. அவ்வளவு இளைச்சிருக்கேன்! இவரையே கேளுங்க."

டாக்டரின் கை நின்றது.

"வயிறு வீங்கிக்கிட்டே போகுது. பெல்ட் எப்படிம்மா தளரும்?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பெல்ட்டை மடித்து, மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டு வந்திருந்தார். டாக்டர் கையை நீட்டினார். கொடுக்க அவருக்கு மனசே இல்லை. கொடுத்தார்.

டாக்டர் விரித்து உள்பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் பிரித்த பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றைத் தாண்டிப் புதிதாக ஒட்டுத் துணி வைத்து ஒரு தையல். கோடு போட்ட மாதிரி நேர்த்தியான பொடித் தையல். பதினாறு வருஷமாக அந்தத் தையலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தவள் அவள். யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க..?"

அவர் நிமிரவில்லை. செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இறுக்குதுன்னு தூக்கத்துல அழுதே, மனசு கேக்கல, ரெண்டு இஞ்ச் விட்டுத் தைச்சேன், இளைச்சுட்டேன்னு காலையில நீ சிரிச்சதைப் பார்த்தப்புறம் சொல்ல வாயே வரலம்மா."