இஸ்திரி போட்ட சட்டை

அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நர்சுக்கு வாந்தி ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு எனக்குக் குமட்டியது பவுடர் வாசனையில்தான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த இளைஞனுக்கு வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் தலை படிய வாரியிருந்தது. முகத்தில் பவுடர். கழுத்துவரை பொத்தான் போட்ட இஸ்திரிச் சட்டை. குளிப்பாட்டி, துணி மாற்றி, போட்டோ எடுக்கக் கூட்டிப்போவதுபோல ஜோடித்துக் கொண்டுவந்திருக்கிறார் அவன் அப்பா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராம், நாலு பேர் மதிக்கிற மனிதராம். அதையும் அவரே சொன்னார்.

என்ன குடித்தான் என்று டாக்டர் கேட்டார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றார் அப்பா. எதுவென்று தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும், தாமதித்தால் உயிர் போய்விடும் என்று டாக்டர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். இவரோ தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். கூட வந்திருந்த அவர் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். அவர் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டாள்.

நான் கத்தரியால் சட்டையை வெட்டினேன். புதுச் சட்டை என்று முனகினார். காறித் துப்பலாம் போலிருந்தது.

"இவரைக் கழுவிவிட்டது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"வெறுங்கையாலயா? சில மருந்து தோல் வழியாவும் உள்ள போயிடும் சார். எதுன்னு சொல்லலன்னா உங்களுக்கும் வைத்தியம் பண்ண முடியாது."

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து என்றார். பாட்டிலில் இருந்த பெயரைக்கூடக் கடகடவென்று ஒப்பித்தார். பெற்ற பிள்ளைக்குத் திறக்காத வாய், தன் உள்ளங்கை என்றதும் திறந்துவிட்டது.

பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் கண் விழித்ததும் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, அப்பா கேட்டா நான் இன்னும் முழிக்கலன்னு சொல்லிடுங்க."

மனநல மருத்துவர் வந்து பேசும்வரை யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பொய்க்குத் தயாராகவே வெளியே போனேன். மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். காலையிலிருந்து லேசாக அரிக்கிறது என்றார்.

மகனைப் பற்றிக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பொய் சொல்லும் வேலையே எனக்கு வரவில்லை.