அடியில் நின்ற பச்சை

தாயம்மா அக்கா வீட்டு வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் அந்தச் செடி நின்றது. வாள் மாதிரி நீண்ட இலைகள். பூ கிடையாது, காய் கிடையாது. தெருவில் எல்லாரும் அதைப் பிரியாணிச் செடி என்றுதான் சொல்வார்கள். சோறு கொதிக்கும்போது ஓர் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே விட்டால் ரேஷன் அரிசிகூடப் பாசுமதி மாதிரி மணக்கும். அதற்குப் பாண்டன் என்று ஒரு பெயர் இருப்பதையும், இலையை அரைத்துக் கேக்குக்குப் பச்சை நிறம் கொடுக்கலாம் என்பதையும் என் அக்கா ராமசெல்விதான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

நாங்கள் இருவரும் திருவொற்றியூரில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறோம். ஆர்டர் பிடிப்பது, பேசுவது, மேலே பூ வைப்பது எல்லாம் அவள். சலிப்பது, அரைப்பது, ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நான். எனக்கு அது பிடித்திருந்தது. மாவு யாரையும் பேசச் சொல்லாது.

இந்த முறை ஆர்டர் கொடுத்தது பின்தெரு சபீஹா அக்கா. அவர் மகள் ஆஃபியாவுக்கு எட்டு வயது. குர்ஆன் ஓதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்காக வீட்டில் விருந்து. போன வருடம் யார் வீட்டுப் பிறந்தநாளிலோ ரோஸ் கலர் கேக் தின்று ஆஃபியாவுக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. பாட்டில் கலர் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் கையில் ஒரு மஞ்சள் டப்பா இருக்கும். உள்ளே இரண்டு மேரி பிஸ்கட். மற்ற பிள்ளைகள் கேக் தின்னும்போது அவள் டப்பாவைத் திறப்பாள்.

"என் ஃபங்ஷனுக்கும் பிஸ்கட்டுதானா?" என்று கேட்டாளாம். "எனுக்குப் பச்சை கேக் வோணும். பள்ளிவாசல் மாதிரி பச்சை."

"இலையில செஞ்சி தர்றேங்க்கா" என்று ராமசெல்வி வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த இலை போட்ட சோற்றை ஆஃபியா எத்தனையோ முறை தின்றிருக்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. அதனால் சபீஹா அக்காவும் சரி என்றார்.

புதன்கிழமை தாயம்மா அக்கா இருபது இலை அறுத்துக் கொடுத்தார். நான் பொடியாக நறுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் போட்டுக் கை வலிக்கப் பிழிந்தேன். சாறு கரும்பச்சையாக இறங்கியது. "ஃப்ரிட்ஜில வெச்சிடு, தெளியட்டும். காத்தால மாவு கலக்கலாம்" என்று சொல்லிவிட்டு ராமசெல்வி கேக் வைக்கும் அட்டை டப்பா வாங்க வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினாள்.

காலையில் பார்த்தபோது கண்ணாடி ஜாடியில் சாறு இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தது. மேலே இளநீர் மாதிரி தண்ணீர். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் குழம்பாக ஒரு படிவு. நான் ஜாடியை அசைக்காமல் சாய்த்து, மேலே இருந்ததைக் கிண்ணத்தில் வடித்துக்கொண்டேன். அடியில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றி, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

சோதனைக்காக முதலில் ஒரு சின்ன டின் மட்டும் போட்டோம். ஓவனிலிருந்து எடுத்தபோது வாசனை லேசாக இருந்தது. நிறம் மட்டும் எப்போதும் போடும் வெறும் கேக்கின் நிறம்தான்.

ராமசெல்வி அதைப் பிட்டுப் பார்த்தாள். விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். அலமாரியில் இருந்த பச்சைக் கலர் பாட்டிலை எடுத்தாள். ஒரு நிமிடம் கையில் வைத்திருந்து, திரும்ப உள்ளே தள்ளினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? நாளைக்கு அது வூட்டு விசேஷத்துலயே டப்பாவைத் தொறந்துகினு உக்காருமே" என்றாள். பிறகு, "இது இலையே இல்ல. தாயம்மா எதையோ குட்த்து ஏமாத்திட்ச்சி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் லாரி வந்திருந்தது. நானும் ஒரு குடத்தோடு பின்னாலேயே போனேன்.

வரிசையில் பத்துப் பதினைந்து பேர். தாயம்மா அக்கா தன் வாசலில் டிரம்மைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"எக்கா, இன்னா இலை குட்த்த நீ? கலரே வர்ல."

"இன்னாமே சொல்ற? தோ நிக்குது பாரு செடி."

"செடியா இது? ஏரிக்கரைல மொளைச்சத புடுங்கியாந்து வாளியில வெச்சிகினு, பிரியாணிச் செடின்னு ஊர ஏமாத்தினுகீற."

வரிசையில் நின்ற ஹில்டா அக்கா சிரித்தார். "ஏய் செல்வி, அப்போ இத்தினி நாளா அவுங்க வூட்டுச் சோத்த மோந்து மோந்து நின்னியே, அது இன்னாத்துக்கு?"

தாயம்மா அக்கா சிரிக்கவில்லை. "இருபது இலைமே. எண்ணி எண்ணி அறுத்தேன். என் செடி மொட்டையா நிக்குது. கொயந்தைக்குன்னு கேட்டியேன்னுதான் குட்த்தேன். இனிமே என் வாசப்பக்கம் வராத."

சொல்லிவிட்டுக் குனிந்து டிரம்மைச் சாய்த்தார். நேற்றைய தண்ணீர் தெளிந்து நின்றது. அதைப் பதமாகக் குடத்தில் வடித்துக்கொண்டார். அடியில் செங்கல் நிறத்தில் தங்கியிருந்ததை ஒரு சுழற்றுச் சுழற்றித் தெருவில் கொட்டினார். எங்கள் தெருவில் தினமும் எல்லா வீட்டிலும் செய்வதுதான். லாரித் தண்ணீரை ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, மேலாக எடுத்துக்கொண்டு, அடியைக் கொட்டிவிடுவோம். நானும் சிறுவயதிலிருந்து செய்கிறேன்.

அந்தச் சிவப்புத் தண்ணீர் என் காலருகே ஓடி வந்தபோதுதான் காலையில் நான் கொட்டியது என்ன என்று புரிந்தது. அது கசடு இல்லை. இருபது இலையின் பச்சையும் அங்கேதான் இருந்தது.

இப்போதே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ராமசெல்வியிடம் தனியாகச் சொல்லலாம். ஆனால் தாயம்மா அக்கா தன் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் கொட்டுனேன்" என்றேன்.

லாரிக் குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, நான்தான் கொட்டுனேன்! அடியில இருந்த பச்சைய. தெளிஞ்ச தண்ணிய எடுத்துகினு, பச்சைய சாக்கடையில ஊத்திட்டேன். இலை மேல தப்பு இல்ல."

ராமசெல்வி இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கினாள்.

"இன்னாது, இந்தப் பொண்ணுக்கு வாய் கீதா?" என்றார் ஹில்டா அக்கா.

தாயம்மா அக்கா டிரம்மைப் பார்த்தார், தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப் பாவி! லாரித் தண்ணின்னு நெனச்சிகினியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் ஓடவில்லை.

ராமசெல்வி போய், தாயம்மா அக்காவின் காலிக் குடங்கள் இரண்டையும் லாரியில் நிரப்பி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள்.

"இது இன்னா, மன்னிப்பா?"

"கொடம்க்கா."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று தாயம்மா அக்கா உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்தார். அதை ராமசெல்வியிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "உதயா, நீ அறு. அடியிலேர்ந்து அறு. குருத்தைத் தொடாத, செடி செத்துப்பூடும்."

குருத்தை விட்டால் ஒன்பது இலைதான் இருந்தது.

"ஒம்போதுல மொத்தக் கேக்கும் ஆவாது" என்றாள் ராமசெல்வி. சற்று யோசித்து, "மேல் அடுக்கு மட்டும் பச்சை. கீய வெறும் கேக்கு. ரெண்டுமே அது துன்னலாம்" என்றாள்.

"கொட்டிடப் போற" என்று தாயம்மா அக்கா எனக்குப் பின்னாலிருந்து கத்தினார். "மேல் தண்ணியும் வேஸ்ட்டு இல்ல. அதுலயும் வாசனை கீது. எனுக்குக் குடு, சோத்துல ஊத்திக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில், ராத்திரி முழுக்கத் தெளிய வைத்த ஜாடியை நான் எடுத்தபோது ராமசெல்வி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு என் காதில் பட்டது. மேல் தண்ணீரைத் தாயம்மா அக்காவின் சொம்பில் வடித்தேன். அடியில் கால் டம்ளர் இருந்தது. ஸ்பூனில் எடுத்தால் கறுப்பு மாதிரி. மாவில் விட்டுக் கலக்கியதும் விரிந்து விரிந்து பச்சையானது. வெந்து வந்தபோது பள்ளிவாசல் பச்சை இல்லை. வாழைக்குருத்து விரியும்போது இருக்குமே, அந்த நிறம். வீடு முழுக்கச் சோறு வடித்த மாதிரி மணம்.

விருந்தில் துஆ ஓதி முடித்ததும் கேக்கைத் திறந்தோம். சபீஹா அக்கா ராமசெல்வியைச் சமையலறைக்குள் கூட்டிப் போய்விட்டார். ஆஃபியா புதுப் பாவாடையில் மஞ்சள் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கேக்கைத் தொடவில்லை. என்னையே பார்த்தாள்.

"இது பாட்டில் பச்சையா?"

பதில் சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை. "இல்ல. இலைப் பச்சை" என்றேன்.

"எந்த இலை?"

"தாயம்மாக்கா வாசல்ல வாளியில நிக்குதே, அது."

"பிரியாணிச் செடியா? அப்போ கேக்கு பிரியாணி மாதிரி இருக்குமா?"

"துன்னு பாரு."

முதலில் நக்கிப் பார்த்தாள். பிறகு ஓரத்தைக் கடித்தாள். பிறகு தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டு பிஸ்கட்டையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். காலியான டப்பாவில் இன்னொரு துண்டுக் கேக்கை நிதானமாக இறக்கி, மூடியை அழுத்தினாள்.

"நாளைக்கு" என்றாள்.

நான் பிஸ்கட்டைத் தின்றேன்.