தட்டில் விழுந்த பல்

இருதயமேரியின் முன்பல் மாதா கோயிலில் வைத்து விழுந்தது. அதை ஒட்டிய சிமெண்டைக் கலக்கியவன் நான்.

மாட்டுங்காவில் பல் டாக்டர் சங்கரனிடம் ஐந்து வருடமாக நான் உதவியாள். பொடியையும் திரவத்தையும் கண்ணாடிப் பலகையில் குழைத்துக் கொடுப்பது என் வேலை. மே மாதப் புழுக்கத்தில் பலகை சூடேறிவிட்டால் குழைக்கும்போதே சிமெண்ட் இறுகிவிடும். இறுகினால் வழித்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மேலும் திரவம் விட்டு இளக்கினால் பிடிப்பே இருக்காது என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு இறுகிவிட்டது. நாற்காலியில் இருந்தவளோ தாராவியில் எங்கள் சால் என்ற வரிசைக் குடியிருப்பில் அடுத்த வீட்டுப் பெண். குழாயடியில் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு, பொய்ப்பல் ஒட்ட வந்தவள். சாலில் நான் பாதி டாக்டர் என்று அளந்து வைத்திருந்தேன். அவள் எதிரில் ஏச்சு வாங்குவதா? யாரும் பார்க்கவில்லை என்று ஒரு சொட்டு விட்டேன். வெண்ணெய் மாதிரி இளகியது. "பேஷ்" என்றார் டாக்டர்.

அதற்கு மூன்றாம் ஞாயிறு டிராம்பேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூசைக்கு வந்து, அங்கேயே பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. நன்மை என்னும் அப்பத்தை வாங்க முழந்தாளிட்டு அவள் நாக்கை நீட்டினாள். பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை, அப்பம் தவறினால் ஏந்த, அவள் தாடைக்கு அடியில் பிடித்திருந்த தட்டில் 'டிங்' என்று பல் விழுந்தது. ஆண்கள் பக்கம் முழந்தாளிட்டிருந்த எனக்கும் அது கேட்டது. பூசை முடிந்ததும் வந்தவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அடுத்த நாள் பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"என்னத்தைம்மா கடிச்சே?" டாக்டர் சிடுசிடுத்தார்.

நான் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கடலைச் சிக்கி தின்னுட்டேன் டாக்டர். என் தப்புதான்."

"அதானே! நான் ஒட்டினது லேசுல விடாதே" என்று அவர் கை கழுவப் போனார்.

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அன்னைக்கு நீங்க சொட்டு விட்டதப் பாத்துக்கிட்டுதாம்ணே இருந்தேன். பல்லு விழும்னு எனக்குத் தெரியாதுல்லா. இப்பச் சொன்னா ஒங்கள வேலைய விட்டு நிறுத்திருவாரு."

வெட்கத்தில் என் காது இரண்டும் எரிந்தன. டாக்டர் துண்டோடு திரும்பி வந்தார்.

"கலக்குப்பா."

"டாக்டர், அவ சிக்கி திங்கல. போன தடவ சிமெண்ட் இறுகிப்போச்சு. நாந்தான் லிக்விட் விட்டு இளக்குனேன்."

அவர் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருதயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். எந்த ஏச்சுக்குப் பயந்து அவள் கல்யாணத்தைக் கெடுத்தேனோ, அதே ஏச்சு. முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.