பேனருக்கு ஒரு மகன்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெரியநாயகம் கணினியில் ஒரு மகனை உருவாக்கும் வேலையில் இறங்கினார். நிஜ மகனைப் பெற்றபோது இவ்வளவு சிரமப்பட்டதாக அவருக்கு ஞாபகமில்லை. அந்தச் சிரமம் மனைவி பியாட்ரிஸுடையது.

மகள் மெலிண்டாவுக்கு லகாட் ஊரில் கல்யாணம். மண்டப வாசலில் குடும்பப் படத்தோடு பெரிய பேனர் வைப்பது வழக்கம். அதில் யார் இல்லை என்பதைத்தான் சொந்தக்காரர்கள் முதலில் பார்ப்பார்கள், மணப்பெண்ணை அப்புறம்தான். இல்லாதவன் மகன் கிளென். ஆறு வருடமாக ஜொகூரில் இருக்கிறான்.

செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலையை மூன்றாம் மாதமே விட்டவன் அவன். சுங்காய்ப் பக்கம் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாகக் கணக்கும் கடிதமும் எழுதித் தேய்ந்த பெரியநாயகத்துக்குக் கோபப்படவும் ஆபீஸ் வழிதான் தெரியும். மகனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் டைப் அடித்தார். நகல் ஒன்றை மனைவிக்கும் கொடுத்தார். மகன் விளக்கம் தரவில்லை, பஸ் ஏறிவிட்டான்.

வீட்டில் மிஞ்சிய படங்களில் கிளென் பள்ளிச் சீருடையில் நின்றான். வாட்சாப்பில் முகத்துக்குப் பதில் மோட்டார் சைக்கிள்.

"என் ஃபோன்ல அவன் படம் இருக்கு. தரமாட்டேன். வேணும்னா அவன்கிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டாள் பியாட்ரிஸ்.

அவனிடம் கேட்பதைவிடக் கணினியே மேல் என்று அவருக்குப் பட்டது. கிளென் விட்டுப்போன கணினிதான்; கேம் விளையாட வாங்கியது, ஆகவே படம் வரைகிற பாரத்தைத் தாங்கும் என்று யூடியூபில் ஒருவர் உறுதி சொன்னார். மென்பொருள் இறங்க ஒன்றரை நாள் ஆயிற்று. பிறகு ஒரு கறுப்புச் சன்னல் திறந்து, எழுத்துகளாகக் கொட்டி, சிவப்பில் ஏதோ திட்டியது. அவர் மூடினார், திறந்தார், இன்னொரு முறை இறக்கினார். கடைசியில் காலியான ஒரு பெட்டி வந்தது. வேண்டியதை எழுது, வரைகிறேன் என்றது.

அவர் ஆங்கிலத்தில், தனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினார்: 'ஐயா, பொருள்: மகன் படம். மேற்கண்ட விஷயத்தில் தங்கள் மேலான உதவியைப் பணிவுடன் கோருகிறேன்.'

கணினியின் காற்றாடி இரைய, நாலு நிமிடத்தில் படம் வந்தது. டை கட்டிய கிழவர் ஒருவர் கையில் கடிதத்தோடு குனிந்து நின்றார். பெரியநாயகம் கோப்பு எண் சேர்த்து நினைவூட்டல் அனுப்பினார். இப்போது கிழவரைச் சுற்றிக் காகிதம் மலையாகக் குவிந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஆபீஸ் தன்னை விடாது போலிருக்கிறதே என்று வழுக்கைத் தலையைத் தடவியபடி நாற்காலியில் சரிந்தார்.

எட்டிப் பார்த்த மெலிண்டா தலையில் அடித்துக்கொண்டாள். "அலாமா! ப்பா, லெட்டர் போட்டா லெட்டரத்தான் லா வரையும். ஆளு எப்படி இருப்பான்னு மட்டும் சொல்லுங்க. கண்ணாடியா, தாடியா, குண்டா, ஒல்லியா."

'இந்திய ஆண், முப்பது வயது' என்று எழுதினார். தலைப்பாகை கட்டிய மகாராஜா வந்தார், பின்னால் யானையோடு. யானையை நீக்கினார். தாடி வைத்தார், எடுத்தார். கண்ணாடி மாட்டினார், கழற்றினார். மத்தியானத்துக்குள் பதினாலு பேர் பிறந்தார்கள். பதினாலாவது ஆள் அழகன். அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் இது தன் மகன் இல்லை என்பது உறுதியாயிற்று.

"பியாட்ரிஸ், அவனுக்குக் கண்ணாடி இருக்கா?" என்று கத்தினார்.

"எவனுக்கு?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அதான்... அவனுக்கு."

"அவனுக்குப் பேரு இருக்கு. நீங்கதான வச்சீங்க."

பெரியநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையைப் பார்த்துப் பார்த்து எரிந்தது. "கிளெனுக்கு," என்றார்.

கரண்டியைத் தட்டி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நம்பர் மாறல. பழைய நம்பர்தான்."

கைப்பேசியை எடுத்தார். 'தாடி உண்டா? கண்ணாடி போடுகிறாயா? பேனருக்கு' என்று அனுப்பினார். பதில் உடனே வந்தது.

'ரெண்டும் இருக்கு. பேனருக்கு ஏன்?'

கணினி வரைகிற கதையை எழுதினார். எழுதி முடிக்கும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் விரல் அனுப்பிவிட்டது. நெடுநேரம் கழித்து வந்தது:

'என்னைய கூப்பிடாம என் படத்த மட்டும் கூப்பிடுறீங்களாப்பா?'

விளக்கம் எழுதத் தொடங்கி, அழித்தார். அழைப்புப் பொத்தானை அமுக்கினார். அந்தப் பக்கம் லாரி சத்தம், மூச்சுச் சத்தம்.

"வா கிளென்," என்றார். "தங்கச்சி கல்யாணத்துக்கு வா. நான் அப்ப பண்ணது தப்பு."

லாரிச் சத்தத்துக்கு மேலே கிளெனின் குரல் வந்தது. "லீவு கேக்கணும். வெள்ளிக்கிழமதான் வரமுடியும்."

"கடைக்காரன் புதன்கிழமையே பேனர் அடிக்கணுங்கிறான்."

"அடிச்சிரட்டும்ப்பா. நான் வாசல்ல நின்னு ஆளுங்கள வாங்கன்னு சொல்றேன். அது போதாதா?"

போதும் என்று சொல்ல வந்தார். "ம்" மட்டும் வந்தது.

அடுப்படிக்குப் போய், "பேனர்ல நாம மூணு பேருதான்," என்றார். "அவன் நேர்ல வர்றான்."

பியாட்ரிஸ் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையையும், அந்தச் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியைத் திறந்து நீட்டினாள்.

பெரியநாயகம் வெகுநேரம் பார்த்தார். "என்ன இது, முன்னால முடியெல்லாம் கொட்டிப்போயிருக்கு?"

"உங்க மகன்தானே லா," என்றாள் பியாட்ரிஸ்.